சேர்ந்து படிக்க ஒரு செயலி

கேள்வி: ஹட்டன், மஸ்கெலியாப் பகுதித் தோட்டங்களில் உயர்தரம் படிக்கும் மாணவர்கள் குழுவாகக் கற்பதற்கு ஒரு மென்பொருளை எனது இறுதியாண்டுச் செயற்றிட்டமாகச் செய்து வருகிறேன். அரட்டை, காணொளிச் சந்திப்பு, கோப்புப் பகிர்வு மூன்றையும் வைத்தேன். சோதனையில் ஒரு மாணவியே எல்லாவற்றையும் எழுத, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதைத் தவறவிட்டேன்?
– வாசகர், கொட்டகலை

பதில்: வேலைப் பங்கீட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். பேசுவதற்கு இடம் கொடுத்தால் பிள்ளைகள் தாமாகச் சேர்ந்து படிப்பார்கள் என்பது மென்பொருள் செய்பவர்களுக்குள்ள பழைய மயக்கம். அமெரிக்க உளவியலாளர் எலியட் அரன்சன் 1971இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் அறிமுகப்படுத்திய முறையைப் பாருங்கள்: பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்து, அதே துண்டைப் பெற்ற பிற குழு மாணவர்களோடு அதை அலசிய பின், தன் குழுவுக்குத் திரும்பிக் கற்பிக்கச் செய்தார். ஒளித்தொகுப்புப் பாடமென்றால் ஒருவருக்கு ஒளித்தாக்கம், இன்னொருவருக்குக் கல்வின் வட்டம், மூன்றாமவருக்கு வீதத்தைப் பாதிக்கும் காரணிகள் மட்டுமே திறக்கட்டும். அந்த மாணவி தனியாக எழுத முடியாது. மற்றவர்களைக் கேட்டே ஆகவேண்டும்.

2002இல் வெளிவந்த மூடில் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில் ஒரு கலந்துரையாடல் மன்ற வகை உண்டு. தன் விடையைப் பதிந்த பிறகே பிறர் விடைகளை மாணவர் பார்க்கலாம். இந்தச் சிறு பூட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காணொளியை இப்போதைக்கு எடுத்துவிடலாம். மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் லயங்களில், அதுவும் அப்பாவோ அம்மாவோ வேலையிலிருந்து திரும்பிய பிறகே கைபேசி கைக்கு வரும் வீட்டில், எல்லோரும் ஒரே நேரத்தில் கூடுவது நடவாத காரியம். எழுதியது முதலில் கைபேசியிலேயே சேமிக்கப்பட்டு, இணைப்பு வரும்போது மற்றப் பிரதிகளோடு இணையவேண்டும். கடைசியாக வந்த பிரதியே நிலைக்கும் என்று விட்டால் முன்னர் எழுதியவரின் உழைப்பு அழிந்துபோகும். மாற்றங்கள் எந்த வரிசையில் வந்தாலும் எல்லாப் பிரதிகளும் ஒன்றாகவே முடியும் தரவு அமைப்புகள் உண்டு. அவற்றை இலவசமாகத் தரும் ‘ஒய்ஜேஎஸ்’ (Yjs) என்ற நிரல் நூலகம் உங்களுக்குப் போதும். ஆனால் அது எழுத்துகளை இணைக்குமே தவிரக் கருத்துகளை அல்ல. முரண்பட்ட இரு வாக்கியங்கள் பக்கத்தில் நின்றால் எழுதியவர் பெயரைக் காட்டி, பேசித் தீர்க்கும்படி குழுவிடமே விடுங்கள்.

ஒன்று மறந்துவிடப் பார்த்தேன்: அண்ணனும் தங்கையும் ஒரே கைபேசியில் படிப்பார்கள். ஒரே செயலியில் இருவருக்கும் தனித்தனிக் கணக்கும், மாறிக்கொள்ள ஒரு சுருக்கமான இரகசிய இலக்கமும் வையுங்கள். இல்லையேல் யார் எழுதியது என்ற கணக்கே பிழைத்துவிடும்.