பானை முந்தியா, பயிர் முந்தியா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், பணி ஓய்வுபெற்ற ஒரு வரலாற்று ஆசிரியர்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ‘வேளாண்மை, மட்பாண்டம், எழுத்து: காலவரிசைப்படி எழுதுக’ என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். மட்பாண்டத்தை முதலில் எழுதியதால் மதிப்பெண் போய்விட்டது. இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். யார் சரி?
(ஒரு தாய், விருதுநகர்)

பதில்: எந்த ஊர்ப் பானை என்று கேள்வியில் சொல்லவில்லையே! சீனப் பானை, ஜப்பான் பானை என்றால் உங்கள் மகள் எழுதியதுதான் சரி.

திருத்திய ஆசிரியர் மேல் கோபம் வேண்டாம். நானும் 31 வருடம் கரும்பலகையில் ஓர் ஏணி வரைந்து, கீழ்ப்படியில் கலப்பை, நடுப்படியில் பானை, மேல்படியில் எழுத்தாணி என்று படம் போட்டுப் பாடம் நடத்தியவன்தான். பிள்ளைகள் மனத்தில் அது பச்சென்று பதியும். என் மனத்திலும் பதிந்துவிட்டதால், அந்த ஏணியை இறக்கி வைக்க எனக்கு ரொம்ப நாளாயிற்று.

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் சியான்ரென்டோங் என்று ஒரு குகை. அங்கே கிடைத்த பானையோடுகளுக்கு வயது ஏறத்தாழ 20,000 ஆண்டு என்று 2012இல் அறிவித்தார்கள். சில ஓடுகளின் வெளிப்புறத்தில் கரி படிந்திருக்கிறது. அடுப்பேறிய பானை! அது பனியுகம். நெல்லோ தினையோ அங்கே பயிராக இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் இருந்தன.

ஜப்பான் கதை இன்னும் சுவையானது. 1877இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்கர் கடல் உயிரினங்களை ஆராய அங்கே போனார். யோகோஹாமாவிலிருந்து டோக்கியோவுக்கு ரயிலில் போகும்போது, ஓமோரி என்ற இடத்தில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சிப்பி மேடு கண்ணில் பட்டது. தோண்டினால் பானையோடுகள். ஈர மண்ணில் கயிற்றை அழுத்திப் போட்ட வரிகள் அவற்றின் மேல் இருந்தன. ‘ஜோமோன்’ என்ற பெயருக்கே கயிற்று வரி என்றுதான் பொருள். அந்த மரபின் மிகப் பழைய பானைகளுக்கு ஏறத்தாழ 16,000 வயது. உட்புறக் கருகலைச் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் மீன் கொழுப்புத்தான் தெரிந்தது. அதாவது, உழவே தெரியாதவர்கள் மீன்குழம்பு வைத்திருக்கிறார்கள். புளி இருந்திருக்காது, பாவம்.

இப்போது மேற்கே வாருங்கள். பாலஸ்தீனத்தின் எரிகோ நகரில் காத்லீன் கெனியன் என்ற தொல்லியலாளர் 1950களில் தோண்டியபோது, 8 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கல் கோபுரம் வெளிப்பட்டது. உள்ளே ஏறிப்போக 22 படிகள். கட்டியது ஏறத்தாழ கி.மு. 8000இல். பயிர்த்தொழில் அந்த வட்டாரத்தில் தொடங்கிவிட்டது, கோபுரம் கட்டும் அளவுக்கு ஆள்பலமும் இருக்கிறது, ஆனால் ஊரில் ஒரு சட்டி கிடையாது. அந்தக் காலத்துக்கே ‘பானைக்கு முந்திய புதிய கற்காலம்’ என்று பெயர் வைக்க வேண்டியதாயிற்று. பலூசிஸ்தானில் உள்ள மெஹர்கரிலும் அதே கதை. பார்லி விளைவித்தார்கள், ஆடு வளர்த்தார்கள், கூடைக்கு நிலக்கீல் பூசித் தண்ணீர் கசியாமல் பார்த்துக்கொண்டார்கள். பானை பிறகுதான் வந்தது.

ஏன் இப்படி என்றால், சாப்பாட்டைப் பார்க்கச் சொல்கிறார்கள் சில அறிஞர்கள். மேற்கே அரைத்து, தட்டி, சுட்டுத் தின்றார்கள். அதற்குக் கல்லும் நெருப்பும் போதும். கிழக்கே வேகவைத்துத் தின்றார்கள். அதற்குப் பானை வேண்டும். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. என் அம்மாச்சி வீடு மானாமதுரையில், வேளார் தெருவுக்கு அடுத்த தெரு. சக்கரத்திலிருந்து பானையை அடி இல்லாமல் இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, உள்ளே கல்லைப் பிடித்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். பொழுதன்றைக்கும் அங்கேதான் கிடப்பேன். அவ்வளவு பாடுபட ஒருவர் உட்கார்ந்தால், வாங்கிப் போக ஒரு அடுப்படி காத்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர் உழவரா மீனவரா என்பது பானைக்குத் தெரியாது.

மகளுக்கு என் சார்பில் ஒரு மதிப்பெண். சான்றிதழில் ஏறாது, பரவாயில்லையா?

கேள்வி: காட்டுப் புல்லைக் கோதுமையாக மாற்றியவர் யார்? யாராவது ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததா?
(ஒரு விவசாயி, திருவாரூர்)

பதில்: வயலில் முளைக்கும் காட்டு நெல்லோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். அறுப்புக்கு முன்பே உதிர்ந்து, அடுத்த பருவத்துக்குத் தானே முளைக்கும் சனியன் அது. காட்டுக் கோதுமையும் அப்படித்தான். பழுத்ததும் கதிர்க்காம்பு பொடிப்பொடியாக முறிந்து, மணி மண்ணில் விழுந்துவிடும். புல்லுக்கு அது நல்லது, அறுப்பவருக்கு நட்டம்.

ஆனால் எங்கோ ஒன்றிரண்டு கதிர், பிறவிக் கோளாறால், உதிராமல் நிற்கும். அரிவாளோடு போகிறவர் கையில் அதுதான் அதிகம் மாட்டும். வீட்டுக்கு வந்த மணியில் ஒரு பங்கை விதைத்தால், அடுத்த ஆண்டு கோளாறுக் கதிர் கொஞ்சம் கூடும். இப்படியே ஆயிரம் ஆண்டுக்கு மேல். திட்டம் போட்டவர் யாருமில்லை, அரிவாள்தான் பொறுக்கியெடுத்தது.

துருக்கியின் கராஜாதாக் மலைச்சரிவில் ஒருமணிக் கோதுமை இன்றும் தானாக விளைகிறது. 1960களில் ஜாக் ஹார்லன் என்ற தாவரவியலாளர் அங்கே போய், கல் அரிவாளால் அறுத்துப் பார்த்தார். மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ சுத்தமான தானியம் தேறியது. ஒரு குடும்பம் மூன்று வாரம் பாடுபட்டால் ஆண்டுக்குப் போதும் என்று கணக்குப் போட்டார். அப்புறம் எதற்கு உழுது, விதைத்து, களையெடுக்க வேண்டும் என்று அவரே கேட்டார். உங்களுக்கும் சில நாள் அந்தக் கேள்வி வந்திருக்கும்.

கேள்வி: விவசாயம் வந்த பிறகு மனிதர்கள் நன்றாக வாழ்ந்தார்கள்தானே?
(ஓய்வுபெற்ற செவிலியர், கோவை)

பதில்: ஆண்களின் முதுகைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், பெண்களின் கால் விரலைப் பற்றிச் சொல்கிறேன். சிரியாவில் அபு ஹுரைரா என்ற பழைய ஊர் ஓர் அணையின் நீரில் மூழ்குவதற்கு முன், 1972, 73இல் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். கிடைத்த எலும்புகளைத் தேயா மோலசன் என்பவர் பார்த்தார். பெண்களின் கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது, முழங்காலிலும் முதுகுத்தண்டிலும் அதே கதை. விரலை மடக்கி மண்டியிட்டு, நாள் முழுக்கக் கல்லில் தானியம் அரைத்ததன் தழும்பு அது. உங்களிடம் வலி என்று வந்த பாட்டிகள் ‘அம்மியில அரைச்சு அரைச்சு’ என்று சொல்லியிருப்பார்களே, அந்தப் புகாரின் மூத்த பதிப்பு.

கேள்வி: எழுத்தை மனிதன் கண்டுபிடித்தது கதை, கவிதை, கடவுள் துதியைக் காப்பாற்றி வைக்கத்தானே? என் அலுவலகத்தில் இதில் பெரிய வாக்குவாதம்.
(வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: வங்கியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! எழுத்து உங்கள் மேசையில்தான் பிறந்தது.

தெற்கு ஈராக்கில் உருக் என்ற நகரம். கி.மு. 3300ஐ ஒட்டிய காலம். கோயில் வளாகக் குப்பையிலிருந்து ஏறத்தாழ 5,000 களிமண் பலகைகளும் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. உள்ளங்கை அளவு, ஈரக் களிமண், நாணல் குச்சியால் கீறல். பத்தில் எட்டுக்கு மேல் கணக்குத்தான். இத்தனை ஆடு, இத்தனை அளவு பார்லி, இத்தனை ஆளுக்குக் கூலி. மீதி, எழுதப் பழகுகிறவர்களுக்கான சொற்பட்டியல். அதில் ஒரு பட்டியல் முழுக்கப் பாத்திர வகைகள்.

அந்த ஊரில் எங்கு தோண்டினாலும் ஒரே மாதிரியான முரட்டுக் கிண்ணம் குவியல் குவியலாக வரும். விளிம்பு சாய்ந்திருக்கும், சக்கரத்தில் வனைந்ததில்லை, அச்சில் வைத்துக் கையால் அழுத்தியது. வேளார் தெருவில் கொண்டுபோய்க் காட்டினால் சிரிப்பார்கள். கூலியாட்களுக்குத் தானியம் அளந்து கொடுத்த படிக்கிண்ணம் என்பது ஒரு கருத்து, ரொட்டி சுட்ட அச்சு என்பது இன்னொன்று. எதுவானாலும் சோற்றுக் கிண்ணம். அந்த எழுத்தில் ‘உணவு’, ‘படி’ என்பதற்கு உரிய குறி, பார்த்தால் அந்தக் கிண்ணம் மாதிரியே இருக்கிறது. ஒரு மனிதத் தலையை வரைந்து வாய்க்குப் பக்கத்தில் கிண்ணத்தை வைத்தால் ‘தின்னுதல்’. பயிர், பானை, எழுத்து மூன்றும் அந்த ஒரு குறிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இதைப் படித்த அன்றுதான் என் ஏணி சாய்ந்தது.

ஆட்டுக்கு என்ன குறி தெரியுமா? வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி. ஆட்டின் சாயலே இல்லை. எழுத்துக்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பிருந்தே அந்தப் பக்கத்தில் சின்னச் சின்னக் களிமண் வில்லை, உருண்டை, கூம்பு செய்து சரக்கை எண்ணி வந்தார்கள். கூட்டல் குறி போட்ட வில்லைகளும் உண்டு. அதைத்தான் பலகையில் வரைந்தார்கள் என்பது டெனிஸ் ஷ்மாண்ட்-பெசெரா என்ற ஆய்வாளரின் வாதம். எல்லாக் குறிகளுக்கும் இது பொருந்தாது என்று மறுப்பவர்கள் உண்டு. ஆட்டுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

எண்ணும் முறையையும் கவனியுங்கள். ஆடு மாடுகளை எண்ணும்போது ஒரு வட்டக் குழி என்றால் பத்து சின்னக் குறி. பார்லி அளக்கும்போது அதே வட்டக் குழி ஆறு சின்னக் குறி. சரக்கு மாறினால் வாய்ப்பாடு மாறும். நம் ஊரில் 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம் என்று நெல்லை அளந்துவிட்டு, தேங்காயை அப்படி எண்ணாமல் விட்டோமே, அதே புத்திதான்.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுப்படிச் சுவரில் பால் கணக்கு இருக்கும். அரைப் படிக்கு ஒரு கரிக்கோடு, கால் படிக்கு ஒரு புள்ளி, பால் வராத நாளுக்கு வட்டம். மாசக் கடைசியில் பால்காரரோடு வாய்த்தகராறு வந்தால், “சுவரைப் பாருய்யா” என்பாள். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள் கணக்கு நேராக வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவுக்கு நட்டம். உருக் கணக்கரின் பலகைகளைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வருகிறது. ‘குஷிம்’ என்ற கையொப்பத்தோடு பல பார்லிக் கணக்குகள் உண்டு. அது ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கவிதையும் துதியும் வந்தன, ஆனால் அறுநூறு, எழுநூறு ஆண்டு தாமதமாக. பெயர் தெரிந்த முதல் கவி என்று போற்றப்படும் என்ஹெதுவான்னா, ‘ஊர்’ என்றே பெயர் கொண்ட தெற்கு ஈராக் நகரத்தில் நிலாக்கடவுளுக்குப் பூசை செய்த பெண், கி.மு. 2300 வாக்கில் வாழ்ந்தவர். எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட மாட்டேன். சீனாவில் நமக்குக் கிடைக்கும் முற்பட்ட எழுத்து, ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் கீறிய குறிகேட்புகள். ராஜாவுக்குப் பல்வலி எதனால் என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள்.

கேள்வி: எழுத்து இல்லாமல் பெரிய அரசு நடத்த முடியுமா?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: தென் அமெரிக்காவில் இன்காக்கள் நடத்தினார்கள். மலைச்சரிவில் படிப்படியாக வயல், நேர்த்தியான மட்பாண்டம், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சாலை. கணக்கை எல்லாம் ‘கிப்பு’ என்ற கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்தார்கள். ஒன்று, பத்து, நூறு என்று இடத்துக்கு ஏற்ற முடிச்சு.

கேள்வி: எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பொருந்தலில் தோண்டினார்களே, அதில் என்ன விசேஷம்? கேட்டால் யாரும் சரியாகச் சொல்லவில்லை.
(பலசரக்குக் கடை வைத்திருப்பவர், பழனி)

பதில்: இந்த வாரக் கேள்வி அத்தனையும் உங்கள் ஊர்க் குழி ஒன்றில் இருக்கிறது. 2009இல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அங்கே ஒரு பழைய புதைகுழியைத் திறந்தார்கள். நான்கு கால் வைத்த ஒரு சாடி, அதற்குள் ஏறத்தாழ 2 கிலோ நெல். கூடவே, பானையை நிறுத்தி வைக்கும் வளையம் போன்ற மண் தாங்கி ஒன்று. அதன் மேல் தமிழி எழுத்தில் ‘வயர’ என்று கீறியிருக்கிறது.

நெல்லை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்ததில் கி.மு. 490 என்று வந்தது. நெல்லின் தேதியையே எழுத்தின் தேதியாகவும் கொள்ளலாமா, ‘வயர’ என்பது வயிரமா வேறொன்றா என்று வாதம் நடந்தது. நடக்கட்டும். நீங்கள் கடையில் தினமும் அரிசி நிறுக்கிறவர், உங்களுக்கு வேறொன்று சொல்கிறேன். இரண்டு கிலோ என்பது ஏதோ சாங்கியத்துக்குப் போட்ட ஒரு பிடி இல்லை. அடுத்த விதைப்புக்கோ, நாலு நாள் உலைக்கோ ஆகியிருக்கும். அதை எடுத்துச் சாடியில் நிரப்பி, செத்தவர் பக்கத்தில் வைத்து, மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள்.