முதல் நூறுக்கு வெளியே ஒரு டென்னிஸ் வாழ்க்கை

கேள்வி: ஆஸ்திரிய வீரர் டொமினிக் தீமை வீழ்த்திய சென்னை வீரர் ராம்குமார் ராமநாதன், பலமுறை முயன்றும் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றுக்குள் நுழைய முடியவில்லை என்கிறார் என் நண்பர். அப்படியானால் அந்த ஒரு வெற்றி வெறும் அதிர்ஷ்டம்தானே? (சேலம் வாசகர்)

பதில்: நண்பர் தந்த தகவல் சரி, தாங்கள் அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. 2017 ஜூன் மாதம் துருக்கியின் அன்டல்யா நகரில், புல்தரையில் நடந்த ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் அமைப்பு) போட்டியில், உலகத் தரவரிசையில் 222ஆம் இடத்தில் இருந்த ராம்குமார், 8ஆம் இடத்தில் இருந்த தீமை 6-3, 6-2 என்று வென்றார். எதிராளி ஒருநாள் தடுமாறியதால் கிடைத்த வெற்றி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. மறு ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் நியூபோர்ட் போட்டியில் இறுதியாட்டம் வரை சென்று, ஸ்டீவ் ஜான்சனிடம் மூன்று செட் போராடித் தோற்றவரும் அவர்தான். 2011இல் சோம்தேவ் தேவ்வர்மன் ஆடியதற்குப் பிறகு அதுவரை ஏடிபி ஒற்றையர் இறுதியாட்டம் ஒன்றில் இந்தியர் எவரும் ஆடியிருக்கவில்லை. அந்த மாத இறுதியில் ராம்குமாரின் தரவரிசை 111. அதுவே அவருடைய உச்சம்.

அந்த எண்ணைச் சற்று நின்று பாருங்கள். கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றின் 128 இடங்களில் 104 மட்டுமே தரவரிசைப்படி நேரடியாகத் தரப்படுகின்றன. 8 இடங்கள் வைல்டு கார்டுக்கு, அதாவது போட்டி அமைப்பாளர்கள் தம் விருப்பப்படி தரும் அழைப்புக்கு, உரியவை. எஞ்சிய 16 இடங்களுக்குத் தகுதிச்சுற்றில் 128 பேர் மோதி, மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து வெல்ல வேண்டும். 104க்கும் 111க்கும் இடையே ஆட்டத்திறனில் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் கிடைக்கும் வாழ்க்கை வேறு. மேலும், நுழைவுப் பட்டியல் ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன்பே முடிவாகிவிடுவதால், ஜூலை இறுதியில் எட்டிய 111ஆம் இடம் அவ்வாண்டு அமெரிக்க ஓப்பனுக்கு உதவவில்லை. தரவரிசைப் புள்ளிகளின் ஆயுளோ 52 வாரங்கள்தான். நியூபோர்ட்டில் ஈட்டிய 150 புள்ளிகள் அடுத்த ஆண்டு அதே காலத்தில் கணக்கிலிருந்து நீங்கிவிட்டன. முந்தைய ஆண்டின் நல்ல வாரத்தை மறுபடியும் நிகழ்த்திக் காட்டாதவர், எந்தத் தவறும் செய்யாமலேயே கீழே இறங்கிவிடுவார்.

ஏடிபி போட்டிகளுக்கு ஒரு படி கீழே உள்ளவை சேலஞ்சர் போட்டிகள். அவற்றில் ஆறு இறுதியாட்டங்களில் தோற்ற பிறகு, 2021 நவம்பரில் பஹ்ரைனின் மனாமாவில் ராம்குமார் தம் முதல் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2022 தொடக்கத்தில் ரோஹன் போபண்ணாவுடன் இணைந்து அடிலெய்டிலும் புணேயிலும் ஏடிபி இரட்டையர் பட்டங்களை வென்றார். ஆறு முறை கைநழுவிய கோப்பைக்காக ஏழாவது முறையும் களமிறங்கியவரின் ஆட்டவாழ்வைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இந்திய டென்னிஸ் வீரர் சுமித் நாகலின் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருந்ததாகப் படித்தேன். கோடிகள் புரளும் விளையாட்டில் இது எப்படிச் சாத்தியம்? (கோவை வாசகர்)

பதில்: 2023 செப்டம்பரில் அவரே வெளிப்படையாகச் சொன்னது அது. அப்போது அவர் உலகின் முதல் 160 பேருக்குள் இருந்தார். அந்த ஆண்டு 24 போட்டிகளில் ஆடி ஏறத்தாழ 65 லட்சம் ரூபாய் ஈட்டியிருந்தார். ஜெர்மனியில் பயிற்சி, பயிற்சியாளர், பிசியோ, பயணம் ஆகியவற்றுக்கான ஆண்டுச் செலவு 80 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை. வேலை தந்த பொதுத்துறை நிறுவனத்தின் சம்பளத்தையும் அறக்கட்டளை உதவியையும் சேர்த்துத்தான் அவர் சமாளித்தார்.

கிரிக்கெட் வீரரை அணி அழைத்துச் செல்கிறது. விமானச் சீட்டும் தங்குமிடமும் அணியின் பொறுப்பு. டென்னிஸ் ஆட்டக்காரரோ தமக்குத் தாமே முதலாளி. திங்கட்கிழமை முதல் சுற்றில் தோற்றால், அடுத்த வாரப் போட்டி நடக்கும் நாட்டுக்கு அன்றிரவே சீட்டு தேட வேண்டும். மட்டையின் நரம்பை மாற்றும் கூலியையும் அவரே தர வேண்டும். தொடக்கநிலையான எம்15 போட்டியில் மொத்தப் பரிசே 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு அதில் கிடைப்பது இரண்டாயிரம் டாலருக்குச் சற்று மேல். முதல் சுற்றில் தோற்றவருக்கு இருநூறு டாலர்கூடக் கிடைப்பதில்லை. 2013ஆம் ஆண்டின் கணக்குகளை ஆராய்ந்த சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, பயிற்சியாளர் செலவைச் சேர்க்காமலேயே, ஆண்களில் 336ஆம் இடத்துக்கும் பெண்களில் 253ஆம் இடத்துக்கும் கீழே இருப்பவர்கள் கைக்காசைப் போட்டுத்தான் ஆடுகிறார்கள் என்று கண்டறிந்தது. உலகில் 400ஆம் இடத்தில் இருக்கும் ஒருவர் தம் தொழிலால் நட்டப்படும் நிலையை எந்த வகையில் நியாயம் என்பது?

நாகல் அதன்பின் மீண்டார். 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச்சுற்றைக் கடந்து, அப்போட்டியின் முன்னணி வீரர் பட்டியலில் 31ஆவதாக இருந்த அலெக்சாண்டர் புப்ளிக்கை நேர் செட்களில் வென்றார். அந்த ஒரு வெற்றி 1,80,000 ஆஸ்திரேலிய டாலரை உறுதிசெய்தது. அடுத்த மாதம் சென்னை சேலஞ்சர் பட்டத்தையும் வென்று முதல் நூறுக்குள் நுழைந்தார். ஏடிபியும் 2024 முதல் குறைந்தபட்ச வருமானத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. முதல் நூறு பேருக்கு 3 லட்சம் டாலர், 175 வரை ஒன்றரை லட்சம், 250 வரை 75,000 டாலர் என்பது அவ்வாண்டு அத்திட்டம் தந்த உறுதி. வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான்; ஆனால் 250க்குக் கீழே இருப்பவர்களுக்கு அது எட்டவில்லை. எம்15 போட்டிகளில் அலைபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். பணம் தந்து ஆட்டத்தை வேண்டுமென்றே தோற்கவைக்கச் சூதாட்டத் தரகர்கள் ஆள் தேடுவதும் அந்தக் கீழ்நிலைப் போட்டிகளில்தான்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியை நிறுத்திவிட்டு முழுநேரமும் டென்னிஸ் ஆட வைக்கலாமா? (திருச்சி வாசகி)

பதில்: வேண்டாம், அம்மா. சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயங்களால் இளமையின் பல ஆண்டுகளை இழந்தார். அதையும் மீறி 2019 ஏப்ரலில், 29 வயதில், 75ஆம் இடத்தை எட்டி, அவ்வாண்டின் நான்கு கிராண்ட் ஸ்லாம் பிரதான சுற்றுகளிலும் ஆடினார். இந்த ஆட்டத்தில் முதிர்ச்சி தாமதமாகவும் வரும் என்பதால் பதினான்கு வயதில் அவசரம் தேவையில்லை. உடல் எப்போது ஒத்துழைக்க மறுக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது என்பதால் படிப்பும் தேவை.

சென்னையில் ஆடி வளர்ந்த சோம்தேவ், அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே 2007, 2008 ஆண்டுகளில் அந்நாட்டுக் கல்லூரிகளின் தேசிய ஒற்றையர் பட்டத்தை வென்று, பிறகு 62ஆம் இடம் வரை உயர்ந்தார். அந்த வழியில் பயிற்சியாளரும் ஆட்டங்களும் கல்லூரியாலேயே கிடைக்கும். உதவித்தொகைக்கு மதிப்பெண்ணும் வேண்டும், இளையோர் போட்டி முடிவுகளும் வேண்டும். இப்போதைக்குக் காலையும் மாலையும் பயிற்சி, விடுமுறைகளில் போட்டி என்று திட்டமிட்டு, பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவனையும் பயிற்சியாளரையும் உடன் வைத்துக்கொண்டு மறுபடியும் முடிவெடுங்கள்.