முழங்கால் மாற்றும்போது தங்க நிற செரமிக் பூச்சுள்ள மூட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

முழங்கால் மூட்டு மாற்றும்போது கூடுதல் காசு கொடுத்துத் தங்க நிறப் பூச்சுள்ளதைப் போடலாம் என்று உங்கள் அம்மாவுக்குச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதே கதையைப் போன வருடம் என் அம்மாவுக்கும் சொன்னார்கள். நான் டொக்டர் இல்லை, பஞ்சிகாவத்தையில் லேத் வேலை செய்கிறவன். அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

டொக்டர் மேசையில் இரண்டு மாதிரி மூட்டுகளை வைத்தார். ஒன்று வெள்ளி போல, மற்றது மஞ்சளாக மினுங்கியது. அம்மா மஞ்சளைக் கையில் எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இதில எத்தனை பவுண் வரும் தம்பி?" என்று டொக்டரிடமே கேட்டார். ஐம்பது வருடமாகச் செட்டியார் தெருவில் பேரம் பேசின ஆள்.

பவுண் ஒரு துளியும் இல்லை. எனக்குக் கண்டவுடனேயே விளங்கிவிட்டது. என் லாச்சியில் கிடக்கிற ட்ரில் பிட்டுகளிலும் அதே மஞ்சள்தான்: டைட்டேனியம் நைட்ரைட் என்கிற செரமிக். காற்றை உறிஞ்சியெடுத்த அறைக்குள் டைட்டேனியத்தை ஆவியாக்கி நைட்ரஜனை விட்டால், இரண்டும் சேர்ந்து உலோகத்தின் மேல் படியும். மூட்டுகளில் அதன் தடிப்பு சில மைக்ரோன்தான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

அதன் வேலை மறைப்பது. உள்ளே இருப்பது கோபால்ட் குரோமியம் கலப்புலோகம், அதில் கொஞ்சம் நிக்கலும் இருக்கும். அவை உடம்புக்குள் கசிவதைப் பூச்சு குறைக்கிறது. கவரிங் தோட்டில் உள்ள நிக்கல் ஒத்துக்கொள்ளாமல் காது புண்ணாகிற ஆட்களுக்கு இதைச் சொல்வது அதனால்தான். அம்மாவுக்கு அந்தக் கரைச்சல் சின்ன வயதிலிருந்தே உண்டு. நாங்கள் மஞ்சளையே எடுத்தோம்.

இடுப்பு மூட்டு மாற்றும்போது தொடை எலும்புக்குள் இறக்குகிற தண்டில் வருகிற வெள்ளைப் பூச்சு வேறு. அது ஹைட்ரொக்சி அபட்டைட், எலும்பில் உள்ள கனிமத்தின் வகை. மூட்டை எலும்போடு பிடித்து வைக்கிற சீமெந்து இல்லாமலே எலும்பு தண்டைப் பிடித்து வளர்வதற்காக 1980களின் நடுவிலிருந்து போடுகிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு எனக்கு விளக்கம் சொன்னவர்களும் இருக்கிறார்கள்!

சரி, காசு கொடுக்கலாமா? தோலில் ஒவ்வாமை இருக்கிற எல்லோருக்கும் முழங்காலிலும் பிரச்சினை வருவதில்லை. பூச்சுள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், பூச்சுள்ளது வலியைக் குறைக்கிறது, கூட நாள் நிற்கிறது என்று தெளிவாகத் தெரியவில்லை. அப்புறம், என் பிட்டைத் தீட்டினால் நுனியில் மஞ்சள் போய்விடும், அந்த இடத்தில் அது சாதாரண பிட்தான். மூட்டிலும் அப்படித்தான்: சீமெந்துத் துகள் ஒன்று இடையில் மாட்டிக் கீறினால், அந்தக் கீறலுக்குள் பூச்சு இல்லை.

உங்கள் அம்மா கவரிங் நகை, மணிக்கூட்டுப் பட்டி எல்லாம் கரைச்சல் இல்லாமல் போடுகிறவர் என்றால், நான் இதற்காகக் கடன் வாங்க மாட்டேன். ஒவ்வாமை இருந்தால் டொக்டரிடம் கேளுங்கள்: தொடை எலும்புப் பக்கம் மட்டுமா பூச்சு, கீழ்க்கால் எலும்பில் வருகிற தட்டுக்கும் உண்டா? நாங்கள் அதைக் கேட்க மறந்துவிட்டோம்.

அம்மா இப்போது படி ஏறுகிறார். காலில் பவுண் இருக்கிறது என்றுதான் வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிகிறார்.