அந்தமானில் ஓட்டு: தரகர் நீட்டுவது எந்தப் படிவம்?

கேள்வி: ராமநாதபுரத்தில் எனக்கு ஓட்டு இருக்கிறது. நான்கு ஆண்டுகளாகக் குடும்பத்தோடு போர்ட் பிளேரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஊரில் பெயரை நீக்காமலே இங்கே புது வாக்காளர் அட்டை வாங்கித் தருவதாக ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இதற்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை. பணம் போனால் போகட்டும், கையெழுத்துதான் ஆபத்து.

அவர் நீட்டப்போவது படிவம் 6. எங்குமே பெயர் இல்லாதவருக்கான படிவம் அது. 'வேறு தொகுதிப் பட்டியலில் என் பெயர் இல்லை' என்ற உறுதிமொழி அதிலேயே அச்சாகியிருக்கும். ராமநாதபுரத்தில் பெயரை வைத்துக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டால், 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது நீங்கள். தரகர் பெயர் அந்தத் தாளில் எங்கும் இருக்காது. இரண்டு இடத்தில் ஓட்டு வைத்திருந்தும் பயனில்லை. 2024இல் தமிழ்நாட்டுக்கும் அந்தமானுக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 19 அன்றுதான் வாக்குப்பதிவு. தேதி வேறாக வந்து இரண்டு இடத்திலும் போட்டாலும் இரண்டு ஓட்டுமே செல்லாது.

உங்களுக்கானது படிவம் 8. 'குடியிருப்பு மாற்றம்' என்பதை டிக் செய்து, பழைய அட்டை எண்ணை எழுதி, தேர்தல் ஆணைய இணையதளத்திலோ வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ கொடுங்கள். அதே எண் தொடரும். ஊர்ப் பெயரை நீக்குவது அதிகாரிகள் வேலை. பெயர் நீக்கக் கேட்கும் படிவம் 7 தனியாக வேண்டாம். அந்தமான் நிர்வாகம் தரும் தீவுவாசி அட்டையும் தேவையில்லை. அது இருந்தால்தான் ஓட்டு என்பது தரகர்கள் கட்டிய கதை.

முகவரிச் சான்றில்தான் வாடகைக்காரர்கள் சறுக்குகிறார்கள். நோட்டரி முத்திரை போட்ட ஒப்பந்தம் போதாது, பதிவு செய்ததாக இருக்க வேண்டும். எந்த வீட்டுக்காரர் பதிவு செய்து தருகிறார்? இது விதி எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன! இந்த முகவரி உள்ள ஆதாரோ வங்கிப் பாஸ்புக்கோ போதும். அதுவும் இல்லையென்றால் நேரடி விசாரணை கேளுங்கள். அலுவலர் வரும்போது வீடு பூட்டியிருந்தால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். எப்போதும் எடுக்கக்கூடிய கைபேசி எண்ணைக் கொடுங்கள்.

படிவம் 8 என்பதற்கு ஒரே ஒரு விலக்கு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டிலும் அந்தமானிலும் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் (SIR) தொடங்கியது. ஊரில் 'குடிபெயர்ந்தவர்' என்று உங்கள் பெயரை அடித்திருக்கலாம். முதலில் தேர்தல் ஆணைய இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். எண்ணில் வராவிட்டால் பெயர், அப்பா பெயர் போட்டு இன்னொரு முறை. எழுத்துப்பிழையால் கிடைக்காமல் போவதும் நீக்கமும் ஒன்றல்ல. பாகம் எண் (பட்டியலில் உங்கள் வாக்குச்சாவடிப் பகுதியின் எண்) தெரிந்தால் அந்தப் பட்டியலையே இறக்கிப் பாருங்கள். உண்மையிலேயே இல்லை என்றால்தான் படிவம் 6. அட்டை கையில் இருப்பதால் பட்டியலில் பெயர் இருப்பதாக ஆகாது.

மாற்றினால் ஊரில் சட்டமன்ற ஓட்டு போய்விடும். இங்கே சட்டமன்றமே கிடையாது. தீவுகள் முழுவதுக்கும் ஒரே ஒரு எம்.பி. அதை யோசித்துவிட்டு மாற்றுங்கள். ரேஷன் அட்டைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேட்புமனுவின் கடைசி நாளோடு பட்டியல் மூடிவிடும். ஆட்சேபத்துக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாள் முன்பாவது விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். தள்ளுபடி செய்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் (அந்தமானில் துணை ஆணையர்) மேல்முறையீடு செய்யலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்.