ராக்பாக்ஸில் டேட்டாபேஸ்: ஃபோல்டர் இருக்கும்போது இது எதற்கு?

கேள்வி: பழைய ஐபாட் கிளாசிக்கில், அதன் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டிருக்கிறேன். எல்லாமே எம்பி3. பெரும்பாலும் தமிழ் சினிமாப் பாட்டு, கொஞ்சம் கர்நாடக சங்கீதம். ஃபோல்டர் ஃபோல்டராகப் போய்த்தான் கேட்கிறேன். டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதனால் பிரயோஜனம் உண்டா? ஒருமுறை போட்டுப் பார்த்தேன். பாதிப் பாட்டு 'அன்டேக்ட்' என்ற தலைப்புக்குக் கீழேதான் வந்தது.

பதில்: பிரயோஜனம் நிறையவே உண்டு. ஆனால் டேட்டாபேஸ் தானாக எதையும் கண்டுபிடிக்காது. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் இருக்கிற டேக்கை, அதாவது பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் போன்ற குறிப்புகளைப் படித்து வரிசைப்படுத்தும், அவ்வளவுதான். உள்ளே ஒன்றுமில்லை என்றால் 'அன்டேக்ட்', டேக் இல்லாதது என்று அர்த்தம். உள்ளே குப்பை இருந்தால் மெனுவிலும் குப்பை. எனவே முதல் வேலை பிளேயரில் இல்லை, கணினியில் இருக்கிறது.

சினிமாப் பாட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இந்த மெனுக்கள் எல்லாம் 'ஆர்டிஸ்ட், அவருடைய ஆல்பம், அதிலுள்ள பாட்டு' என்ற வரிசையில் அமைந்தவை. ஒரு பாடகரோ குழுவோ ஆல்பம் போடுகிற ஊருக்கு அது சரி. நமக்கு ஆல்பம் என்றால் படம், படத்துக்குச் சொந்தக்காரர் இசையமைப்பாளர், பாடகர்களோ பாட்டுக்குப் பாட்டு மாறுவார்கள். ஆர்டிஸ்ட் மெனுவைத் திறந்தால் ஒரே படம் ஐந்தாறு பெயர்களுக்குக் கீழே ஆளுக்கொரு பாட்டாகச் சிதறிக் கிடக்கும். இதைப் பார்த்துத்தான் பலரும் வெறுத்துப்போய் ஃபோல்டருக்கே திரும்பிவிடுகிறார்கள்.

நமக்குத் தேவை 'காம்போஸர்' என்ற டேக். இசையமைப்பாளர் பெயரை அதில் போடுங்கள். ஆல்பத்தில் படத்தின் பெயர், ஆர்டிஸ்டில் பாடியவர்கள். 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' டேக்கிலும் இசையமைப்பாளரையே போட்டுவிடுங்கள். நாளைக்கு வேறு பிளேயருக்கு மாறினால் அதில் காம்போஸர் மெனு இல்லாமல் போகலாம்.

எம்பி3 கோப்பில் டேக் எழுதும் முறைக்கு ஐடி3 என்று பெயர். பழைய கோப்புகளில் அதன் முதல் பதிப்பு டேக் மட்டுமே இருக்கலாம். கோப்பின் கடைசி 128 பைட்டில் எல்லாம் அடக்கம்: தலைப்புக்கு 30 எழுத்து, ஆர்டிஸ்டுக்கு 30, ஆல்பத்துக்கு 30. காம்போஸருக்கு அதில் இடமே கிடையாது. பாட்டின் முதல் வரி பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறதா? காரணம் இந்த 30 எழுத்துக் கணக்குதான்.

ஆயிரக்கணக்கான பாட்டுக்கு உட்கார்ந்து தட்ட வேண்டுமா என்று பயப்படாதீர்கள். ஃபோல்டர்களை ஒழுங்காக வைத்திருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. எம்பி3டேக் என்ற இலவச விண்டோஸ் மென்பொருளில் கோப்புப் பெயரிலிருந்து டேக்கை நிரப்பும் வசதி இருக்கிறது. இசையமைப்பாளர், அதற்குள் படம், அதற்குள் பாட்டு என்று அடுக்கியிருக்கிறீர்கள் என்றால், அதே வரிசையில் காம்போஸர், ஆல்பம், டைட்டில் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். தேர்ந்தெடுத்த எல்லாக் கோப்புக்கும் ஒரே அடியில் ஏறிவிடும். பாடகர் பெயரை மட்டும் கையால் போட வேண்டியிருக்கும். அதையும் பிடித்த படங்களுக்கு மட்டும் செய்தால் போதும் என்பேன்.

அப்புறம் பெயர்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். இளையராஜாவை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஒரு 'எல்', இரண்டு 'எல்', கடைசியில் ஒரு 'ஏ', இரண்டு 'ஏ' என்று இஷ்டத்துக்கு எழுதியிருப்பார்கள். ரகுமானின் இனிஷியலுக்குப் புள்ளி இருக்கும், இருக்காது. பிளேயருக்கு இவர்கள் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரே எழுத்துக்கூட்டலைப் போட்டுச் சேமியுங்கள்.

படப் பெயரிலும் இதே வம்பு உண்டு. 'விக்ரம்' 1986இல் இளையராஜா, 2022இல் அனிருத். 'பில்லா' 1980இல் எம்.எஸ்.வி., 2007இல் யுவன். ஆல்பம் மெனுவில் போனால் இரண்டு படப் பாட்டும் ஒரே பட்டியலில் கலந்து ஓடும். ஆல்பம் பெயரோடு ஆண்டையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

டூயட்டுக்கு என்ன செய்வது? எஸ்.பி.பி., ஜானகி என்று இரண்டு பெயரையும் ஒரே டேக்கில் எழுதினால் பிளேயர் அதை மூன்றாவது ஒரு பாடகராகத்தான் எண்ணும். நான் இதைத் திருத்துவதில்லை. டேட்டாபேஸில் தேடல் வசதி இருக்கிறது. ஜானகி என்று தட்டினால் அந்தப் பெயர் எங்கே ஒட்டிக்கொண்டிருந்தாலும் வந்துவிடும். சக்கரத்தைச் சுழற்றி எழுத்து எழுத்தாகப் பொறுக்குவதுதான் கொஞ்சம் கடுப்பு.

கர்நாடக சங்கீதத்தில்தான் இது அசத்தும். காம்போஸரில் தியாகராஜர், ஆர்டிஸ்டில் பாடியவர். ராகத்தை எங்கே போடுவது? 'கமெண்ட்' டேக்கில். பாட்டு இறக்கும் தளங்கள் தங்கள் விளம்பரத்தை ஒட்டி வைப்பதும் அங்கேதான், அதை அழித்துவிட்டு ராகத்தை எழுதுங்கள். ராக்பாக்ஸ் ஃபோல்டருக்குள் 'டேக்நவி' என்று தொடங்கும் கான்ஃபிக் கோப்பு இருக்கும். மெனு எப்படி விரிய வேண்டும் என்பது அதில் சாதாரண எழுத்தில்தான் இருக்கிறது: மெனுவில் தெரிய வேண்டிய பெயர், ஒரு அம்புக்குறி, டேக், மறுபடி அம்புக்குறி, அடுத்த டேக். கமெண்டிலிருந்து டைட்டிலுக்கு ஒரு வரி சேர்த்தால் ராகங்கள் மெனுவாக வந்து நிற்கும். கல்யாணியை அழுத்தினால் உங்களிடம் இருக்கிற கல்யாணி எல்லாம் வரிசையாக வரும், யார் பாடியிருந்தாலும் சரி. ஃபோல்டரில் இதைச் செய்யவே முடியாது, ஒரு பாட்டு ஒரு ஃபோல்டரில்தானே இருக்க முடியும்? சேர்த்த வரிகளுக்கு ஒரு நகல் கணினியில் இருக்கட்டும். ராக்பாக்ஸைப் புதுப்பிக்கும்போது அந்தக் கோப்பு மேலெழுதப்படலாம்.

இனி பிளேயர் பக்கம். டேட்டாபேஸ் அமைப்புகளில் இருக்கிற 'இனிஷியலைஸ் நவ்' முதல் தடவைக்கு மட்டும். அது பழைய டேட்டாபேஸை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டும். எந்தப் பாட்டை எத்தனை தடவை கேட்டீர்கள், எதற்கு என்ன ரேட்டிங் கொடுத்தீர்கள் என்ற விவரமும் அதோடு போய்விடும். புதுப் பாட்டு ஏற்றினால் 'அப்டேட் நவ்' போதும். டேக்கைத் திருத்திவிட்டு அப்டேட் செய்தும் மாற்றம் தெரியவில்லை என்றால், எம்பி3டேக்கில் கோப்பின் தேதியை மாற்றாமல் சேமிக்கும் விருப்பம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். தேதி மாறாவிட்டால் கோப்பு மாறவில்லை என்று ராக்பாக்ஸ் தாண்டிப் போய்விடும்.

கேட்ட கணக்கு வேண்டுமென்றால் 'கேதர் ரன்டைம் டேட்டா'வை ஆன் செய்யுங்கள். வாங்கி வைத்துக் கேட்காமலே கிடக்கிற பாட்டுகளை அப்போதுதான் தனியாகப் பார்க்க முடியும். அவ்வப்போது 'எக்ஸ்போர்ட் மாடிஃபிகேஷன்ஸ்' அழுத்தினால் அந்த விவரங்கள் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக வந்துவிடும். டேட்டாபேஸை பிளேயரின் நினைவகத்திலேயே ஏற்றி வைக்கிற 'லோட் டு ராம்' ஐபாட் கிளாசிக்கில் தாராளமாகப் போடலாம். மெனுவில் அலையும்போது ஒவ்வொரு முறையும் ஹார்ட் டிஸ்க் சுழலக் காத்திருக்க வேண்டாம்.

சொற்பொழிவு, ஒலிப்புத்தகம் எல்லாம் பாட்டோடு கலந்து வந்தால் அந்த ஃபோல்டருக்குள் 'டேட்டாபேஸ்.இக்னோர்' என்ற பெயரில் (ஆங்கில எழுத்தில்தான்) ஒரு வெற்றுக் கோப்பைப் போட்டுவிடுங்கள், அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. டேக்கைத் தமிழில் எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எழுதலாம், ஆனால் ராக்பாக்ஸ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டாது. கொம்பு முன்னால் வராமல் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எனக்கு அது கண்ணை உறுத்துகிறது, அதனால் ஆங்கில எழுத்திலேயே வைத்திருக்கிறேன்.