நல்ல வேலைக்கு வந்த பின்னும் பயம் போகவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். என் வயது 34. ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஏழு ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு, நான்கு மாதங்களுக்கு முன்பு வேறொரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன்.

பழைய இடத்தில் வேலைப்பளுவைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எது யாருடைய பொறுப்பு என்பது அங்கு யாருக்குமே தெரியாது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் ஒருவர் அறிக்கையை ஒரு விதமாகக் கேட்பார். மாலையில் அவருக்கு மேலுள்ளவர், இப்படிச் செய்யச் சொன்னது யார் என்று எல்லார் முன்னிலையிலும் சத்தம் போடுவார். சொன்னவரோ வாய் திறக்காமல் தலையைக் குனிந்துகொள்வார். இரண்டு முறை அப்படி அடிபட்ட பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று குறித்துவைக்கத் தொடங்கினேன். அப்படி ஐந்து நோட்டுகள் நிரம்பின. விலகல் கடிதம் கொடுத்த அன்று, “உன்னை ஆளாக்கியதே நாங்கள்தான், நன்றி இல்லாதவள்” என்று உரிமையாளர் சொன்னது இன்னமும் காதில் கேட்கிறது.

புதிய இடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மேலாளரிடமிருந்து “சற்று வந்து போங்கள்” என்று குறுஞ்செய்தி வந்தால் என் கைகள் சில்லிட்டுப் போகின்றன. சென்ற மாதம் ஒரு பட்டியலில் இரண்டு தொகைகளை இடம் மாற்றிப் பதிந்துவிட்டேன். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர் அறைக்குள் சென்றேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “சரி, திருத்தி அனுப்பிவிடலாம். இந்தப் படிவமே குழப்பமாகத்தான் இருக்கிறது, அதையும் மாற்றுவோம்” என்று கூறிவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். நான் கழிப்பறைக்குள் சென்று வெகுநேரம் அழுதேன். இவருடைய உண்மையான முகம் எப்போது வெளிப்படும் என்று நாள்தோறும் காத்திருக்கிறேன்.

என்னுடன் பணிபுரிந்த இரண்டு பெண்கள் அங்கேயே சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான இரவுகளில் அழைத்து அழுகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு வந்தது தவறா? ஏன் முன்பே விலகாமல் ஏழு ஆண்டுகளை வீணாக்கினேன்? நல்ல இடத்தில் இருக்கும் தகுதியே எனக்கு இல்லையோ என்று தோன்றுகிறது. வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் நுழைந்த அந்தக் கணத்தைப் படித்தபோது மனம் கனத்தது. அந்த நோட்டை உங்கள் பலவீனத்தின் அடையாளமாக நீங்கள் எண்ணுவதாகத் தெரிகிறது. நான் அப்படி எண்ணவில்லை. சொன்னதைச் சொல்லவில்லை என்று மறுக்கும் மனிதர்களிடையே ஏழு ஆண்டுகள் உங்களைக் காத்துக்கொள்ள நீங்களே கண்டுபிடித்த வழி அது, அறிவார்ந்த வழியும்கூட.

பணியிட மன அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கானும் அவருடைய குழுவினரும் 1964-ஆம் ஆண்டிலேயே இரண்டு காரணங்களைத் தனித்துச் சுட்டிக்காட்டினார்கள். ஒன்று, ஒருவருக்கு ஒன்றோடொன்று முரண்படும் கட்டளைகள் வருவது. மற்றொன்று, தம்மிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்பதே தெளிவாக இல்லாமல் இருப்பது. உங்கள் கடிதத்தில் இரண்டுமே இருக்கின்றன. ஆகவே அங்கு நீங்கள் பட்ட பாட்டிற்கான காரணத்தை உங்கள் தகுதியில் தேட வேண்டாம். எவ்வளவு திறமையானவரும் அந்த நாற்காலியில் அமர்ந்தால் ஒடுங்கித்தான் போவார்.

அப்படியானால் நல்ல இடத்திற்கு வந்த பிறகும் ஏன் பயம் தீரவில்லை? உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், தாம் என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பிற்பாடு ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற நிலையிலும் முயலாமல் படுத்துவிட்டன. கொடுமையான ஆய்வுதான், உங்களை அந்த உயிர்களோடு ஒப்பிடுவதாகவும் எண்ண வேண்டாம். அதன் தொடர்ச்சியில் தெரியவந்த ஒன்றைச் சொல்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். அந்த நாய்களை மறுபக்கத்திற்குத் திரும்பத் திரும்ப இழுத்துச் சென்று, தப்பிக்க முடியும் என்பதை அவற்றின் உடலே உணரும்படி செய்த பிறகுதான் அவை தாமாகத் தாண்டத் தொடங்கின. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2016-இல், அவ்விருவருமே தங்கள் பழைய விளக்கத்தைத் திருத்தி எழுதினார்கள்: நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவது உயிரின் இயல்பு, அதை யாரும் கற்பதில்லை. தன் செயலால் நிலைமையை மாற்ற முடியும் என்பதே கற்றுக்கொள்ளப்படுகிறது.

நீங்களோ யாரும் இழுக்காமல், நீங்களே தடுப்பைத் தாண்டி வந்திருக்கிறீர்கள். மறுபக்கம் பாதுகாப்பானது என்பதை உங்கள் அறிவு ஏற்றுக்கொண்டுவிட்டது; உடலுக்கு இன்னும் போதிய அனுபவம் சேரவில்லை. ஏழு ஆண்டுப் பழக்கத்திற்கு நான்கு மாதங்கள் ஈடாகாது. அன்று நீங்கள் அழுததைக்கூட நான் கெட்ட அறிகுறியாகக் கொள்ளவில்லை. அடியை எதிர்பார்த்து இறுகியிருந்த உடல், அடி விழாதபோது தளர்ந்தது. அந்தத் தளர்வு அழுகையாக வெளிவந்திருக்கலாம்.

பயம் தானாகத் தேய்ந்துவிடும் என்று காத்திருப்பதைவிட, சிறு செயல்களால் அந்த அனுபவத்தைச் சேர்ப்பது நல்லது. உங்கள் மேலாளரிடம் பழைய கதை முழுவதையும் சொல்ல வேண்டிய அவசியமில்லை. “என்னை அழைக்கும்போது எது தொடர்பாக என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினால் ஆயத்தமாக வர எனக்கு உதவியாக இருக்கும்” என்று மட்டும் கேளுங்கள். படிவத்தையே மாற்றுவோம் என்று சொன்னவர் இதை மறுக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன். கேட்டது கிடைக்கிறது என்பதை நீங்கள் நேரில் காண வேண்டும். நான் எத்தனை பக்கம் எழுதினாலும் அதற்கு ஈடாகாது.

ஏழு ஆண்டுகளை வீணாக்கியதாக வருந்துகிறீர்கள். செலவழித்துவிட்ட உழைப்பும் காலமுமே ஒருவரை மேலும் ஓராண்டு, மேலும் ஓராண்டு என்று கட்டிவைக்கும் என்பது மனித மனத்தைப் பற்றி நன்கு அறியப்பட்ட உண்மை. உங்களுக்கும் அதுவே நேர்ந்திருக்கிறது. இதற்கு மேல் இந்தக் கேள்விக்கு நேரம் கொடுக்க வேண்டாம்.

அந்த இரண்டு பெண்களின் நிலைதான் எனக்கும் கவலையளிக்கிறது. நீங்கள் அவர்களைக் கைவிட்டதாக நான் கருதவில்லை. அவர்களை அழவைப்பது நிர்வாகம், நீங்கள் அல்ல. ஆனால் இரவுதோறும் அதே குறைகளைக் கேட்பதால் அவர்களுக்கு விடிவு வரப்போவதில்லை, உங்களுடைய ஒவ்வொரு இரவும் பழைய அலுவலகத்திலேயே கழிகிறது. வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, அன்று பகலில் பேசலாம் என்று அன்பாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர்களுடைய தன்விவரக் குறிப்பைச் சேர்ந்து எழுதுங்கள், நேர்காணலில் என்ன கேட்டார்கள், பழைய நிறுவனத்தைப் பற்றிக் கசப்பின்றி எப்படிப் பதில் சொன்னீர்கள் என்று விளக்குங்கள். தப்பித்து வந்தவரிடம் இருக்கும் வழித்தடம் வேறு யாரிடமும் இருக்காது.

உறக்கம் கெடுவதோ, நெஞ்சுப் படபடப்போ, வேலைக்குக் கிளம்பவே முடியாத அச்சமோ வாரக்கணக்கில் நீடித்தால், தயங்காமல் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். கடிதம் வழியாக நான் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு.

இனி அந்த நோட்டைப் பற்றி. பழைய ஐந்து நோட்டுகளையும் உடனே கிழித்தெறிய வேண்டியதில்லை; அங்கிருந்து வர வேண்டிய நிலுவைத் தொகையும் பணிச் சான்றிதழும் கைக்கு வரும்வரை கட்டி உள்ளே வையுங்கள். புதிதாக ஒன்று வாங்கி, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். மேலாளர் அழைத்ததும், போவதற்கு முன்பு, என்ன நடக்கும் என்று அஞ்சுகிறீர்களோ அதை இடப்பக்கம் எழுதுங்கள். திரும்பி வந்ததும் உண்மையில் நடந்ததை வலப்பக்கம் எழுதுங்கள். முதல் பதிவு, இடம் மாறிய அந்த இரண்டு தொகைகளைப் பற்றியதாக இருக்கட்டும். அவர் சொன்ன சொற்களை, உங்கள் வழக்கப்படியே நாளும் நேரமும் குறித்து, ஒன்றுகூட விடாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்