கடலோரம், ஏரியோரம், ஓடையோரம்: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். தேயிலைத் தோட்டத்தில் பாதியை விற்ற பணம் கையில் இருக்கிறது. இந்தக் குளிர் முட்டிக்கு ஆகவில்லை. மரக்காணம் பக்கம் கடலோரமாக 10 சென்ட் பார்த்தோம். அலையிலிருந்து நூறு தப்படி என்று புரோக்கர் நடந்தே காட்டினார். "200 மீட்டர் சட்டமெல்லாம் பழசு சார், இப்போ 50 மீட்டர்தான். பாருங்க, பக்கத்துலயே பங்களா நிக்குது" என்கிறார். வாங்கலாமா? (கோத்தகிரி)

ப: புரோக்கர் முழுப்பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம்.

1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு போட்டது. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதிதாகக் கட்டக்கூடாது. 2019-இல் புது அறிவிக்கை வந்து கிராமங்களை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் இடத்தில் தடை 50 மீட்டர். மற்ற இடங்களில் அதே பழைய 200. அந்தத் தளர்வும் புது அறிவிக்கைப்படி கடலோர வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகுதான். நீங்கள் பார்த்த கிராமம் எந்த வகை என்று அவரைக் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அலைச் சத்தத்தில் மயங்கியிருப்பீர்கள்.

அடுத்தது அந்தத் தப்படி. உயர் ஓதக் கோடு என்பது நீங்கள் போன அன்று அலை வந்து காலை நனைத்த இடமல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் தண்ணீர் எட்டும் எல்லை அது. அதை 1:4,000 அளவு வரைபடத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். உங்கள் புல எண் அதில் எங்கே விழுகிறது என்று வரைந்து தரும்படி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்திடம் கேட்கலாம், செலவு ஆகும். மனைக்குப் பின்புறம் உப்பங்கழி இருந்தால் அங்கிருந்தும் அளப்பார்கள். ஓதம் ஏறி இறங்கும் கழிக்கும் இதே சட்டம்தான்.

இனி என் பழைய வயிற்றெரிச்சல். சட்டம் தடுப்பது கட்டுவதைத்தான், விற்பதை அல்ல. பத்திரம் பதிவாகும், வில்லங்கச் சான்று சுத்தமாக வரும், பட்டாவும் உங்கள் பெயருக்கு மாறும். பிளான் அப்ரூவலுக்குப் போகும் அன்றுதான் மனை வெறும் மணல் என்று தெரியும். அதற்குள் புரோக்கர் கமிஷனை எண்ணி முடித்திருப்பார்.

"பக்கத்தில் பங்களா நிற்கிறதே" என்ற வாக்கியத்துக்குத் தமிழ்நாட்டில் தனி வரி போட வேண்டும். அந்தப் பங்களா 1991-க்கு முன் கட்டியதாக இருக்கலாம். கடலோரத்தில் வழிவழியாக வாழ்பவர்களுக்குச் சட்டம் தரும் சலுகையில் எழுந்ததாக இருக்கலாம். அல்லது அதற்கான நோட்டீஸ் ஏதோ ஓர் அலுவலக மேஜை டிராயரில் தூங்கிக்கொண்டிருக்கலாம். கேரளத்தில் மரடு என்ற ஊரின் அடுக்குமாடிகளுக்கு 2006-இல் பஞ்சாயத்து அனுமதியே கொடுத்தது. கடலோரச் சட்டத்தை மீறியவை என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் இரண்டே நாளில் நாலு வளாகங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீட்டுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கிடைத்தது. ஆட்கள் குடியிருந்த கட்டடங்கள் அவை. வலை காயப்போடும் கொட்டகை என்றால் மறுநாளே அதிகாரி வந்து நிற்பார், மதில் உயர்ந்த வீடு என்றால் வண்டி நிற்காமல் போகும். எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் அந்த ஓரவஞ்சனை உங்கள் பக்கம் சாயும் என்று நம்பித் தோட்டம் விற்ற பணத்தைப் போடாதீர்கள். முட்டி வலிக்குச் சமவெளியில் வாடகைக்கு வீடு பாருங்கள்.

கே: மசினகுடியில் ஒரு காட்டேஜ் பாதி விலைக்கு வருகிறது. யானை வழித்தட வழக்கெல்லாம் முடிந்துவிட்டதாமே? (ஊட்டி)

ப: முடிந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் யானைக்குச் சாதகமாக முடித்தது.

கே: ஏரி தெரியும் என்று மூன்றாவது மாடியில் வீடு வாங்கினேன், 38 லட்சம். நகராட்சி ஒப்புதல் தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் மட்டும்தான் என்று இப்போது சொல்கிறார்கள். கட்டியவரோ "கொடைக்கானலில் எல்லாமே அப்படித்தான்" என்கிறார். (கொடைக்கானல்)

ப: அவருக்கு ஊர்ச் சரித்திரம் தெரியவில்லை. இதே கொடைக்கானலில் பிளசண்ட் ஸ்டே ஹோட்டல் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி எழுப்பியது. அரசாங்கமே ஆணை போட்டு விலக்கு அளித்தும் 1995-இல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அரசாணையே காப்பாற்றாததை இவருடைய "அப்படித்தான்" காப்பாற்றுமா?

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒப்புதல் வரைபடத்தைக் கேட்காதது தப்புதான், ஆனால் காட்டாமல் விற்றது மோசடி. தகவல் உரிமைச் சட்டத்தில் நகராட்சியிடம் ஒப்புதல் வரைபட நகல் வாங்குங்கள். 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும், ஆனால் கெடு இரண்டு வருஷம். எட்டு வீட்டுக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் ரெராவில் (கட்டுமானத் திட்டங்களைப் பதிவு செய்யும் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். "ரெகுலரைஸ் பண்ணித் தருகிறேன்" என்று கட்டியவர் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கே: கூடலூரில் மூன்று ஏக்கர், 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கினேன். 17ஆம் பிரிவு நிலமாம். ரிசார்ட்டுக்கு மின் இணைப்பு தரமாட்டார்களாம். என்ன செய்ய? (திருப்பூர்)

ப: நீங்கள் வாங்கியது 20 ரூபாய்த் தாள். ஜென்மிகள் என்ற பெருநிலக்காரர்களின் உரிமையை ஒழித்த 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலத்தில் தலைமுறையாக வாழும் குடும்பங்களே பட்டா இல்லாமல் அலைகின்றன. அவர்களுக்கு விளக்கு எரியட்டும், பிறகு உங்கள் ரிசார்ட்டைப் பேசுவோம்.

கே: என் வீட்டுக்காரர் இறப்பதற்கு முன் ஒரு லேஅவுட்டில் கடற்கரை மனைக்கு 4,20,000 கட்டியிருந்தார். கம்பெனியில் "வாங்கினவர் வரட்டும்" என்கிறார்கள். ரசீது இரண்டுதான் கிடைத்தது. எனக்குச் சட்டம் தெரியாது. (குன்னூர்)

ப: அம்மா, இறந்தவரை வரச் சொல்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். வாரிசே நுகர்வோர் புகார் கொடுக்கலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், ஊட்டிக்குப் போனால் போதும். தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. "வெறும் நிலம் விற்பது சேவை ஆகாது" என்று எதிர்த்தரப்பு வாதிடும். லேஅவுட் போட்டு, ரோடு போட்டுத் தருகிறேன் என்று மனை விற்றால் அது சேவைதான் என்று 2012-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கிக் கணக்கு விவரம், அவர் போனில் இருக்கும் வாட்ஸ்அப் செய்திகள், வண்ண நோட்டீஸ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வாரிசுச் சான்றும் வேண்டும். இரண்டு வருஷம் தாண்டியிருந்தாலும் தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்கலாம். உங்களுடையது நியாயமான காரணம்.

கே: ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறீர்களே, நீங்கள் ஏமாந்ததே இல்லையா? (அரவேணு)

ப: ஏன் இல்லை? உங்கள் ஊருக்குக் கீழேதான், ஒரு மார்ச் மாதத்தில் ஆறு சென்ட் வாங்கினேன். நடுவில் ஒரு பள்ளம். "மண் எடுத்த குழி" என்றார் விற்றவர். அக்டோபரில் போனால் குழியில் முழங்கால் தண்ணீர் ஓடுகிறது. பிறகுதான் புலப்படம் வாங்கினேன். இரட்டைக் கோடு போட்டு ஓடை என்று எழுதியிருந்தது. புலப்பட நகலுக்கு ஆன செலவு, அன்று அந்த புரோக்கருக்கு வாங்கிக் கொடுத்த சாப்பாட்டைவிடக் குறைவு. வாங்க வருபவர்களிடம் முதலில் ஓடையைத்தான் காட்டுகிறேன். இருபது வருஷமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.